புதுத் தொட்டியில் தண்ணீர்ச் சோதனை: வன்னிக் கிணற்றிலிருந்து தொடங்குவோம்

"அண்ணை, தண்ணி பளிங்கு மாதிரிக் கிடக்கு. பிறகேன் மீன் சாகுது?"

பக்கத்து வளவுத் தம்பி தன் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டான். இரண்டடித் தொட்டி. முந்தின கிழமை கிளிநொச்சி ரவுணில் வாங்கி, அன்றைக்கே கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, மறுநாள் காலையில் பன்னிரண்டு கப்பி மீன் விட்டிருக்கிறான். ஐந்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின. நான் போனபோது நான்கு செத்திருந்தன. என் சோதனைப் பெட்டியைக் கொண்டுபோய், அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தைச் சின்னக் குழாயில் எடுத்து அமோனியாத் துளிகளை விட்டேன். முதலில் இளமஞ்சள். இரண்டு நிமிடத்தில் வாழைக்குருத்து நிறம். ஐந்து நிமிடம் முடிந்தபோது நல்ல கரும்பச்சை. நல்ல தண்ணீர் என்றால் அது மஞ்சளாகவே நின்றிருக்க வேண்டும்.

மீன் மூச்சு விடும்போதும் கழிவு விடும்போதும் அமோனியா வெளியேறுகிறது. மிஞ்சிய தீன் அழுகினாலும் அமோனியாதான். அதற்கு நிறம் இல்லை. அந்த அளவில் மணமும் தெரியாது. குளத்தில் அதைத் தின்ன நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நேற்று வாங்கிய கண்ணாடிப் பெட்டியில் அவை இல்லை. அவை வந்து குடியேறும்வரை தண்ணீரை நாங்கள்தான் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் நகரத்துக் குழாய்த் தண்ணீரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வன்னியில் அநேகம் பேருக்குக் கிணறுதான், அல்லது குழாய்க்கிணறு. ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு குணம். அதனால் நான் புதியவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: தொட்டியைச் சோதிக்க முன்னர் கிணற்றைச் சோதியுங்கள். தொட்டியில் வரும் எண்ணைக் கிணற்றின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஒரு கொப்பியில் இரண்டு நிரல் கீறினால் போதும். ஒன்றுக்கு மேலே 'கிணறு', மற்றதற்கு மேலே 'தொட்டி'.

எதை வாங்குவது

தாள் பட்டியும் இருக்கிறது, துளி மருந்தும் இருக்கிறது. பட்டியைத் தோய்த்து நிறம் பார்ப்பது சுலபம். ஆனால் பெரும்பாலான பட்டிகளில் அமோனியாவுக்கு இடமே இல்லை. புதுத் தொட்டிக்கு முதலில் வேண்டியது அதுதான். மாரி ஈரத்தில் ஒருமுறை மூடி திறந்து கிடந்தால் மிச்சப் பட்டிகளும் கெட்டுவிடும். துளி மருந்துப் பெட்டி விலை கூட என்றாலும் நூற்றுக்கணக்கான சோதனைக்கு வரும். நான் வைத்திருப்பது ஏபிஐ நன்னீர்ப் பெட்டி. அதில் அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று, பிஎச், உயர் பிஎச் என்று ஐந்து சோதனை உண்டு. நைத்திரைற்றும் நைத்திரேற்றும் அமோனியாவை நுண்ணுயிர்கள் மாற்றும்போது அடுத்தடுத்து வருபவை. பிஎச் என்பது தண்ணீரின் அமில, காரக் குணத்தைச் சொல்லும் எண். கீழே நான் சொல்லும் துளிக் கணக்கு அந்தப் பெட்டிக்கு உரியது. வேறு கம்பனியுடையது என்றால் அதனுள் இருக்கும் தாளின்படி செய்யுங்கள். தண்ணீரின் வன்மையைப் பார்க்கும் ஜிஎச், கேஎச் போத்தல்கள் தனியாக விற்கின்றன. எங்கள் பக்கத்துக்கு அவையும் வேண்டும், விடாதீர்கள்.

வாங்கும்போது போத்தலில் திகதி பாருங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மாதக்கணக்காக இருந்த மருந்து பிழையான நிறம் காட்டும். வீட்டிலும் நிழலான அலுமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சில போத்தல்களில் இருப்பது கடுமையான அமிலமும் காரமும்.

டிடிஎஸ் மீற்றர் என்று ஒரு பேனை மாதிரிக் கருவி உண்டு. ஆர்ஓ தண்ணீர், அதாவது உப்புகளை வடிகட்டி நீக்கிய தண்ணீர், விற்கும் இடங்களில் பார்த்திருப்பீர்கள். கரைந்திருக்கும் உப்புகள் மொத்தம் எவ்வளவு என்பதை அது சொல்லும். பூநகரிப் பக்கமோ முல்லைத்தீவுக் கரையோரமோ இருப்பவர்களுக்குக் கிணறு எவ்வளவு சவர் என்று பார்க்க உதவும். ஆனால் மீனைக் கொல்லும் அமோனியாவை அது காட்டாது. "மீற்றரில நல்ல நம்பர் வந்தது" என்று சொல்லி மீன் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

முதலில் கிணறு

ஒரு வாளி தண்ணீர் அள்ளி உடனே பிஎச் பாருங்கள். பிறகு அதே வாளிக்குள் எயார் பம்ப் கல்லைப் போட்டு 24 மணித்தியாலம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டும் ஒன்றாக இராது. விசுவமடுவில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் அள்ளிய கையோடு 7.2 காட்டும். மறுநாள் 8.2. நிலத்துக்கு அடியில் இருக்கும்போது தண்ணீரில் காபனீரொட்சைட்டு கரைந்திருக்கும். அது அமிலக் குணம் தரும். காற்றுப் பட்டதும் அது வெளியேற, பிஎச் ஏறுகிறது. குழாய்க்கிணறுகளில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். தொட்டியில் நிலைத்து நிற்கப்போவது மறுநாள் வரும் எண்தான். அதையே கொப்பியில் எழுதுங்கள்.

வாளியின் வாயை மெல்லிய துணியால் கட்டிவையுங்கள். நுளம்பு முட்டையிட்டால் டெங்குக் காலத்தில் வீட்டாருக்கும் ஆபத்து, பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் பதிலும் சொல்ல வேண்டிவரும்.

பிஎச் பார்க்கும்போது ஒரு விஷயம். சாதாரண பிஎச் போத்தல் 6.0 முதல் 7.6 வரைதான் அளக்கும். எங்கள் தண்ணீர் 8.2 ஆக இருந்தாலும் அது கடைசி நீல நிறத்தில் நின்று 7.6 என்றே சொல்லும். புதியவர்கள் அதை நம்பி எழுதிவிடுகிறார்கள். நிறம் கடைசிக் கட்டத்தைத் தொட்டால் உயர் பிஎச் போத்தலை எடுத்து இன்னொரு முறை பாருங்கள். அது 7.4 இலிருந்து 8.8 வரை காட்டும்.

அடுத்தது வன்மை. கேத்திலுக்குள் வெள்ளைப் படை பிடிக்கிறதா, சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறதா? அப்படியானால் உங்களுடையது வன்னீர். கல்சியமும் மகனீசியமும் எவ்வளவு என்பதை ஜிஎச் சோதனை சொல்லும். 5 மில்லிலீற்றர் தண்ணீரில் ஒவ்வொரு துளியாக விட்டு, ஒவ்வொன்றுக்கும் குலுக்கி, செம்மஞ்சள் எப்போது பச்சையாக மாறுகிறது என்று எண்ணுங்கள். ஒரு துளி ஒரு பாகை, அதாவது 17.9 பிபிஎம் (லீற்றருக்கு மில்லிகிராம்). எங்கள் கிணற்றுக்கு 17 துளி போனது. கேஎச் சோதனையும் இதே முறைதான். அதில் நீலம் மஞ்சளாக மாறும். கேஎச் என்பது பிஎச் திடீரென்று சரியாமல் தாங்கிப் பிடிக்கும் காபனேற்றுகளின் அளவு.

17 பாகை என்றவுடன் பயப்பட வேண்டாம். கப்பி, மொலி, பிளாட்டி எல்லாம் வன்னீரில் சந்தோஷமாக வாழ்கிற மீன்கள். புதியவர்கள் அவற்றோடு தொடங்குவதே நல்லது. நியோன் ரெட்ரா போன்ற மென்னீர் மீன்களில் ஆசை இருந்தால் மாரி மழைத் தண்ணீரையோ ஆர்ஓ தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரோடு கலக்கலாம். கணக்கு நேரானது. 16 பாகைத் தண்ணீர் 10 லீற்றரும் ஆர்ஓ தண்ணீர் 10 லீற்றரும் சேர்ந்தால் ஏறத்தாழ 8 பாகை. ஆனால் தனி ஆர்ஓ தண்ணீரில் தொட்டி வைக்க வேண்டாம். அதில் கேஎச் இல்லை. ஏன் அது ஆபத்து என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது நைத்திரேற்று. கிணற்றில் இதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. வயலுக்கும் தோட்டத்துக்கும் போடும் யூரியாவில் ஒரு பகுதி நைத்திரேற்றாகி நிலத்தடித் தண்ணீருக்கு இறங்குகிறது. எங்கள் கிணறு மிளகாய்த் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. அதில் மீனே இல்லாமல் நைத்திரேற்று 20 பிபிஎம் வந்தது. இது தெரியாத ஒருவர் தொட்டி நிரப்பிய முதல் நாளே 20 என்று பார்த்து, 'தொட்டி பழகிவிட்டது, நுண்ணுயிர் வந்துவிட்டது' என்று நினைத்து மீன் விட்டுவிடுவார். கொப்பியில் இரண்டு நிரல் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். தொட்டியில் 30, கிணற்றில் 20 என்றால் உங்கள் தொட்டி உண்டாக்கியது 10. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் மேல் எல்லை 50 பிபிஎம். உங்கள் கிணறு அதைத் தாண்டினால் மீனை விடுங்கள், வீட்டில் குடிக்கும் தண்ணீரைப் பற்றிக் கவனியுங்கள். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடு என்றால் அன்றைக்கே.

குழாய்த் தண்ணீர் எடுப்பவர்களுக்கும் வறட்சிக் காலத்தில் பவுசர் தண்ணீர் வாங்குபவர்களுக்கும் குளோரீன் கவலை உண்டு. கிணற்றுக்காரருக்கும் சில நேரம் உண்டு. வெள்ளம் வடிந்த பிறகு பிஎச்ஐமார் கிணறுகளுக்குக் குளோரீன் போடுவார்கள். அது வீட்டாருக்கு நல்லது, மீனுக்கும் பில்டர் நுண்ணுயிருக்கும் நஞ்சு. திறந்த வாளியில் எயார் பம்ப் ஓட ஒரு நாள் வைத்தால் சாதாரண குளோரீன் போய்விடும். அவசரம் என்றால் மீன் கடையில் விற்கும் குளோரீன் நீக்கி, அதாவது சோடியம் தயோசல்பேற்றுத் துளி, உடனே வேலை செய்யும்.

மணலும் கல்லும்

கடற்கரைக்குப் போனால் சிப்பியும் சங்கும் பொறுக்கி வந்து தொட்டிக்குள் அடுக்க எல்லோருக்கும் ஆசை வரும். சிப்பி என்பது கல்சியம் காபனேற்று. அது மெல்லக் கரைந்து ஏற்கெனவே கூடியிருக்கும் வன்மையை இன்னும் ஏற்றும். கல்லும் மணலும் தெரியாத இடத்திலிருந்து வந்தால் காயவைத்து மேலே சில துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அதில் காபனேற்று இருக்கிறது. கழுவிய ஆற்று மணல் போதும்.

துளி விடும் கை

நிறம் பிழைத்ததற்கு மருந்தைக் குறை சொல்பவர்கள் பலர். பெரும்பாலும் பிழை கையில்தான் இருக்கும். ஆகவே ஒரு சோதனையை முழுதாகச் சொல்கிறேன்.

கண்ணாடிக் குழாயைத் தொட்டித் தண்ணீரால் மூன்று முறை அலசுங்கள். சவர்க்காரம் வேண்டாம். 5 மில்லிலீற்றர் கோடுவரை நிரப்புங்கள். குழாயைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தால் தண்ணீரின் மேற்பரப்பு நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழியின் அடி கோட்டைத் தொட வேண்டும். கூடக் குறைய இருந்தால் பாமசியில் வாங்கிய ஊசியில்லாத சிறிஞ்சால் சரிசெய்யுங்கள். துளிப் போத்தலை நேரே தலைகீழாகப் பிடியுங்கள். சரித்துப் பிடித்தால் துளி பெரிதும் சிறிதுமாக விழும். அமோனியாவுக்கு முதல் போத்தலில் 8 துளி, இரண்டாவதில் 8 துளி. குழாயை அதன் மூடியால் மூடிக் குலுக்குங்கள், விரலால் பொத்த வேண்டாம். விரல் வியர்வை கணக்கைக் கெடுக்கும், மருந்தும் தோலில் படும். பிறகு ஐந்து நிமிடம். ஃபோனில் நேரம் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம், ஆனால் அரை மணித்தியாலம் கழித்து வந்து பார்த்த நிறம் கணக்கில் சேராது.

நிறத்தை வெளியே, நிழலான பகல் வெளிச்சத்தில், பெட்டியோடு வரும் நிற அட்டையின் வெள்ளைப் பகுதிக்கு மேலே வைத்துப் பாருங்கள். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எல்லா மஞ்சளும் ஒரே மஞ்சள்தான். தொட்டிக்கு மேலே இருக்கும் நீல விளக்கில் மஞ்சள்கூடப் பச்சையாகத் தெரியும்.

நைத்திரைற்று சுலபம். ஒரே போத்தல், 5 துளி, ஐந்து நிமிடம். வான நீலமாக நின்றால் பூச்சியம், ஊதா ஏற ஏற அளவு கூட.

நைத்திரேற்றில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். இரண்டாவது போத்தலின் அடியில் ஒரு தூள் படிந்து இறுகிவிடும். அதைக் கலக்காமல் துளி விட்டால் தொட்டியில் எவ்வளவு இருந்தாலும் குறைத்தே காட்டும். நான் போத்தலை மேசை விளிம்பில் இரண்டு மூன்று தரம் தட்டிவிட்டு, 30 செக்கன் நன்றாகக் குலுக்குவேன். முதல் போத்தலில் 10 துளி விட்டுக் கலக்கி, பிறகு குலுக்கிய இரண்டாவதில் 10 துளி. குழாயை மூடி ஒரு முழு நிமிடம் கடுமையாகக் குலுக்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் காத்திருங்கள். இதில் ஒன்றைக் குறைத்தாலும் அந்த எண்ணை எழுத வேண்டாம்.

முடிந்ததும் குழாயை உடனே கழுவிக் கவிழ்த்து வையுங்கள். சோதித்த தண்ணீரைத் தொட்டிக்குள் திருப்பி ஊற்றக் கூடாது.

மீன் இல்லாமல் ஐந்து கிழமை

தொட்டி, பில்டர், எயார் பம்ப், மணல் எல்லாம் வைத்துத் தண்ணீர் நிரப்பியாயிற்று. சரி, மீன் எப்போது? நான்கு முதல் ஆறு கிழமை கழித்து. கேட்கக் கஷ்டமாக இருக்கும், வெறுந் தொட்டியைப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஆனாலும் இந்த ஐந்து கிழமைதான் மீனைக் காப்பாற்றுகிறது.

நடப்பது இது. அமோனியாவைத் தின்று நைத்திரைற்றாக மாற்றும் நுண்ணுயிர்கள் முதலில் பில்டர் ஸ்பொஞ்சிலும் மணலிலும் குடியேறும். நைட்ரோசோமோனாஸ் அந்த வகையைச் சேர்ந்தது. நைத்திரைற்றும் நஞ்சுதான். அதைத் தின்று நைத்திரேற்றாக மாற்ற இன்னொரு கூட்டம் பிறகு வரும். பழைய புத்தகங்கள் அதை நைட்ரோபாக்டர் என்று எழுதின. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998 இல் வந்த ஆய்வு காட்டியது. நைத்திரேற்று ஓரளவுவரை மீனுக்குத் தீங்கு செய்யாது. தண்ணீர் மாற்றி அதைக் குறைக்கலாம், செடிகளும் உறிஞ்சும்.

இந்த நுண்ணுயிர்கள் வர அவற்றுக்குச் சாப்பாடு வேண்டும், அதாவது அமோனியா. எங்கள் ஊரில் அதற்குச் சுலபமான வழி இறால். சந்தையில் வாங்கிய சின்ன இறால் ஒன்றைப் பழைய மெல்லிய வலைத்துணியில் முடிந்து தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் அது அழுக, அமோனியா ஏறத் தொடங்கும். மூடி போட்டு வையுங்கள், பூனை விடாது. தினமும் அமோனியா பார்த்து 3 பிபிஎம் வந்ததும் முடிச்சை வெளியே எடுத்துவிடுங்கள். 5 ஐத் தாண்டினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அளவுக்கு மீறினால் வர வேண்டிய நுண்ணுயிரும் தாமதிக்கும். இறால் மணம் பிடிக்காதவர்கள் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீன் போடலாம், அது கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும்.

"வீட்டில் யூரியா மூட்டை இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன?" என்று விவசாயம் செய்யும் நண்பர்கள் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். யூரியா நேரடியாக அமோனியா இல்லை. நுண்ணுயிர் அதை உடைத்த பிறகே அமோனியா வரும். போட்ட அன்று சோதித்தால் பூச்சியம் என்று காட்டும். போதவில்லை என்று இன்னும் போடுவீர்கள். நான்கு நாள் கழித்து எல்லாம் சேர்ந்து எகிறும்.

ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய பில்டர் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். தொட்டித் தண்ணீரோடேயே பொலித்தீன் பையில் கொண்டுவந்து, காயவிடாமல் உங்கள் பில்டருக்குள் வையுங்கள். ஐந்து கிழமை இரண்டாகக் குறையலாம். கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் போத்தல்களைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. ஆனால் அவருடைய மீன்களுக்கு நோய் இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பம் எங்களுக்குச் சாதகம். தண்ணீர் 28 முதல் 30 பாகை செல்சியசில் இருப்பதால் ஹீற்றர் தேவையில்லை, நுண்ணுயிரும் வேகமாகப் பெருகும். ஆனால் சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. 25 பாகையில் லீற்றருக்கு 8.2 மில்லிகிராம் அளவு கரையும் இடத்தில் 30 பாகையில் 7.5 தான். இந்த நுண்ணுயிர்களுக்கும் ஒட்சிசன் வேண்டும். கரண்ட் போய் பில்டர் நீண்ட நேரம் நின்றால் ஸ்பொஞ்சுக்குள் இருப்பவை சாகத் தொடங்கும். பற்றரியில் ஓடும் சின்ன எயார் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

எண்கள் சொல்லும் கதை

முதல் கிழமை அமோனியாவை மட்டும் தினமும் பார்த்தால் போதும். ஏறும். அது இறங்கத் தொடங்கும் நாளிலிருந்து நைத்திரைற்றையும் பாருங்கள். அதுவரை வான நீலமாக இருந்தது ஊதாவாகும். நைத்திரைற்றுக் கட்டம்தான் மிக நீளமானது. ஒரே கடும் ஊதாவில் இரண்டு கிழமை நிற்கும். 'ஒன்றும் நடக்கவில்லை' என்று பலர் தொட்டியைக் கழுவிவிடுவது இந்த நேரத்தில்தான். கழுவாதீர்கள். நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தைத் தாண்டினால் உண்மையில் எவ்வளவு என்று நேரே தெரியாது. சிறிஞ்சால் 1 மில்லிலீற்றர் தொட்டித் தண்ணீரும் 4 மில்லிலீற்றர் ஆர்ஓ தண்ணீரும் எடுத்துச் சோதித்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். நேற்று 15, இன்று 10 என்று வந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

நைத்திரைற்று நிறைய இருக்கும்போது நைத்திரேற்றுச் சோதனையை நம்ப வேண்டாம். அந்தச் சோதனை நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. ஏற்கெனவே இருப்பதும் சேர்ந்து சிவந்துவிடும்.

கேஎச்சைக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். அமோனியா நைத்திரேற்றாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு மில்லிகிராம் அமோனியா நைதரசனுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான காரத்தன்மை செலவாகும். வன்னீர்க் கிணறு இதை இலேசாகத் தாங்கும். தனி ஆர்ஓ தண்ணீரிலோ தனி மழைத் தண்ணீரிலோ தாங்க எதுவும் இல்லை. பிஎச் 6.5 க்குக் கீழே போனால் நுண்ணுயிர் மந்தமாகிவிடும், அமோனியா இறங்காமல் நிற்கும். கிணற்றுத் தண்ணீர் இரண்டு வாளி ஊற்றினால் பெரும்பாலும் சரிவரும்.

வன்னியில் பிஎச் கூட என்பதால் அமோனியாவை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சோதனை காட்டுவது மொத்த அமோனியா. அதில் ஒரு பகுதி அமோனியம் அயன், அது அவ்வளவு கெடுதி இல்லை. மிச்சம்தான் கடும் நஞ்சு. 28 பாகைச் சூட்டில் பிஎச் 7 என்றால் நஞ்சுப் பகுதி நூற்றுக்கு ஒன்றும் வராது. பிஎச் 8 என்றால் நூற்றுக்கு ஆறு, ஏழு. மொத்தம் 1 பிபிஎம் என்ற அதே பச்சை நிறம் ஒரு மென்னீர்த் தொட்டியில் சமாளிக்கக் கூடியதாக இருக்கும், எங்கள் தொட்டியில் கப்பியின் செவுளை எரித்துவிடும். வேறு ஊரில் இருப்பவர் "1 பிபிஎம் பரவாயில்லை" என்று சொன்னால் அவருடைய பிஎச் என்ன என்று கேளுங்கள்.

மீன் ஏற்கெனவே உள்ளே இருந்தால்

பக்கத்து வளவுத் தம்பியின் நிலைமை இதுதான். மொத்த அமோனியா 4, பிஎச் 8.2. உடனே பாதித் தண்ணீரை மாற்றினோம். அவனுடைய தொட்டி 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரம். விளிம்புவரை 54 லீற்றர், மணலும் மேலே விட்ட இடமும் கழித்தால் 45 அளவு. ஒரு நாள் காற்றோட்டி வைத்த தண்ணீர் என்னிடம் இருந்தது, 22 லீற்றர் கொண்டுபோனேன். பாதி மாற்றினால் அமோனியாவும் பாதியாகும், அதற்கு மேல் அதிசயம் நடக்காது. பின்னேரம் இன்னொரு பாதி. அதன் பிறகு தினமும் காலையில் சோதித்து, 0.25 ஐத் தாண்டிய நாளெல்லாம் தண்ணீர் மாற்றினான். தீனை இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒரு சிட்டிகைக்குக் குறைத்தான்.

மூன்றாம் கிழமை நைத்திரைற்று வந்தது. அது இரத்தத்தில் புகுந்து ஒட்சிசனைச் சுமக்க விடாமல் செய்யும், செவுள் மண்ணிறமாகும். தண்ணீர் மாற்றுவதோடு 10 லீற்றருக்கு 1 கிராம் உப்புக் கரைத்து ஊற்றச் சொன்னேன். உப்பிலிருக்கும் குளோரைட்டு, செவுள் வழியாக நைத்திரைற்று உள்ளே போவதைத் தடுக்கும். கப்பிக்கு அந்த உப்பு ஒன்றும் செய்யாது.

இந்த நாட்களில் பில்டர் ஸ்பொஞ்சைக் குழாய்க்குக் கீழே பிடித்துக் கழுவ வேண்டாம். அடைத்தால் மாற்றி எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஒருமுறை பிழிந்து வைத்தால் போதும்.

மீன் விடும் நாள்

இறால் முறையில் போனவர்கள், அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு வந்த பிறகு தினமும் மீன் இருப்பதுபோல ஒரு சிட்டிகை தீன் போடுங்கள். ஒரு கிழமை முழுவதும் இரண்டும் பூச்சியத்தில் நின்று, நைத்திரேற்று கிணற்றின் எண்ணைவிட ஏறிக்கொண்டே போனால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றி நைத்திரேற்றைக் குறைத்துவிட்டு, மூன்று நான்கு மீனோடு தொடங்குங்கள். கடைப் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூடு சமமானதும், கால் மணித்தியால இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேருங்கள். பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாமல் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். முதல் கிழமை தினமும் அமோனியாவும் நைத்திரைற்றும் பாருங்கள். இரண்டும் பூச்சியத்தில் நின்றால் இன்னும் நான்கு மீன் சேர்க்கலாம். பிறகு கிழமைக்கு ஒருமுறை நைத்திரேற்றும் மாதம் ஒருமுறை கேஎச்சும் போதும். நைத்திரேற்று கிணற்றைவிட 20 பிபிஎம் ஏறினால் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள்.

கிணற்று நிரலையும் மறக்க வேண்டாம். ஆவணி வரட்சியில் அடித்தண்ணீர் வன்மை கூடியிருக்கும். கார்த்திகை மழையில் கிணறு ததும்பும்போது அதே கிணறு வேறு தண்ணீர். போன வருடம் எங்கள் கிணறு மழைக்கு முன் 17 பாகை, மார்கழியில் 9. அது தெரியாமல் பாதித் தண்ணீரை ஒரே தடவையில் மாற்றினால் மீனுக்கு அதிர்ச்சி. பெரும்போகத்துக்கு யூரியா வீசிய பிறகும், பிஎச்ஐ குளோரீன் போட்ட பிறகும், வெள்ளம் வடிந்த பிறகும் ஒரு வாளி அள்ளி வைத்துச் சோதியுங்கள். தம்பியின் ஏழு கப்பி தப்பின, இப்போது குஞ்சும் போட்டிருக்கின்றன. அவனுடைய கொப்பியில் நேற்றைய வரி: கிணறு, நைத்திரேற்று 20, கேஎச் 11. தொட்டி, அமோனியா 0, நைத்திரைற்று 0, நைத்திரேற்று 30, கேஎச் 10.